மதுரையில் ஒரு சிறு ரயில் பாதை: 'என்' அளவு மாதிரி ரயிலைத் தொடங்குவோருக்கான முழுமையான வழிகாட்டி

மாதிரி ரயில் பாதை அமைக்க ஆசைப்பட்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் ஓர் இன்ஜினை வாங்கிவிட்டு, அதை எங்கே, எதன்மேல் ஓட்டுவது என்று பிறகுதான் யோசிக்கிறார்கள். வாங்கிய இன்ஜின் வீட்டில் உள்ள வளைவில் திரும்ப மறுக்கிறது. வளைவைப் பெரிதாக்கினால் பலகை போதவில்லை. பலகையைப் பெரிதாக்கினால் அறைக் கதவு திறப்பதில்லை. ஆறு மாதத்துக்குள் எல்லாம் அட்டைப்பெட்டிக்குள் போய் பரணில் ஏறிவிடுகின்றன.

சிறிய அளவு ரயில்களில் தண்டவாளத்தைப் பற்றி ஓடும் சக்கரத்தின் உள்விளிம்பு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் ஆழமே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு மேடும் வண்டியைத் தடம் புரளச் செய்யும் என்பதால், எதை முதலில் செய்கிறோம் என்பதே இந்தப் பொழுதுபோக்கில் பாதி வேலை. இடம், வளைவு, பலகை, தண்டவாளம், மின்சாரம், சோதனை, அதற்குப் பிறகே மண்ணும் மரமும் என்ற வரிசையில் இந்த வழிகாட்டி செல்கிறது.

1. அளவை முடிவு செய்தல்

உலக அளவில் எளிதில் கிடைக்கும் சிறிய அளவுகள் மூன்று. 'எச்ஓ' (HO) என்பது 1:87, அதாவது அசலில் 87இல் ஒரு பங்கு. அதன் தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. 'என்' (N) என்பது 1:160. இடைவெளி 9 மி.மீ. 'இஸட்' என்பது 1:220, இடைவெளி 6.5 மி.மீ.

சென்னை ஐசிஎஃப் ஆலையின் வழக்கமான பயணிகள் பெட்டியின் உடல் நீளம் 21.3 மீட்டர். அது எச்ஓ அளவில் 24.5 செ.மீ. ஆகவும், என் அளவில் 13.3 செ.மீ. ஆகவும், இஸட் அளவில் 9.7 செ.மீ. ஆகவும் சுருங்கும். எச்ஓ அளவில் ஓர் இன்ஜினும் மூன்று பெட்டிகளும் நிற்பதற்கே ஒரு மீட்டர் போய்விடும். நகருக்குள் உள்ள வீடுகளில் அதற்கு ஒரு முழுச்சுவர் தேவைப்படும். இஸட் இடத்தை மிச்சப்படுத்தும். ஆனால் பொருள்களின் வகை குறைவு, பழுது பார்ப்பதும் கடினம். ஆகவே புதியவர்களுக்கு நான் 'என்' அளவையே சொல்கிறேன்.

ஒன்றை இப்போதே ஏற்றுக்கொள்வது நல்லது. நம் அகலப்பாதையின் இடைவெளி 1,676 மி.மீ.; அதை 160 ஆல் வகுத்தால் 10.5 மி.மீ. வரவேண்டும், கடையில் கிடைப்பதோ 9 மி.மீ. இந்தியப் பெட்டி அதன்மேல் சற்றே அகன்றுதான் தெரியும். ஜப்பானியர்கள் தங்கள் 1,067 மி.மீ. பாதையின் வண்டிகளை 1:150 அளவில் செய்து இதே 9 மி.மீ. தண்டவாளத்தில் ஓட்டுகிறார்கள்; அங்கே பாதை அகன்றுவிடுகிறது. ஒன்றரை மில்லிமீட்டருக்காகத் தண்டவாளத்தைக் கையாலேயே செய்யப் புறப்பட்டவர்கள் அதற்கப்பால் போனதை நான் பார்த்ததில்லை.

மீட்டர்கேஜ் நினைவுள்ளவர்கள், 1:160 அளவில் அது 6.25 மி.மீ. ஆவதால் இஸட் தண்டவாளத்தின்மேல் அதைச் செய்யலாம் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். இன்ஜின் முதல் பெட்டி வரை பெரும்பாலும் கைவேலை என்பதால் அது முதல் பாதைக்கு உரியதன்று.

2. வீட்டில் இடம் பார்த்தல்

மொட்டை மாடியில் தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ வேய்ந்த அறைதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும், ஏனென்றால் அதை வேறு யாரும் கேட்பதில்லை. மதுரையில் அதைத் தவிர்க்கவும். கோடையில் வெளியே 40 டிகிரி இருக்கும்போது கூரைக்கடியில் வெப்பம் அதற்கும் மேலே போகும். தண்டவாளத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் குறுக்குக்கட்டைகள் நெளியும், பெட்டிகளின் கூரை வளையும். திருநகரில் ஒருவர் அப்படிப் பதித்த பாதையில், ஜன்னலோரம் வெயில் விழுந்த பகுதி மட்டும் ஒரு சித்திரை முடிவதற்குள் பாம்பாக நெளிந்திருந்தது.

வெயில் நேராக விழாத, கான்கிரீட் கூரையுள்ள அறையின் ஒரு சுவரோரம் போதும். சுவரில் ஓதம் இருக்கிறதா என்று ஐப்பசி மழையின்போது பார்த்துவிடுங்கள். பிளைவுட் ஈரத்தை உறிஞ்சினால் முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய பலகையின்மேல் எவ்வளவு கவனமாகத் தண்டவாளம் பதித்தாலும் பயனில்லை.

அடுத்தது கை எட்டும் தூரம். சுவரை ஒட்டி வைக்கும் பலகையின் அகலம் இரண்டரை அடியைத் தாண்டக் கூடாது. அதற்கப்பால் தடம் புரளும் பெட்டியை எடுக்க நீங்கள் முன்னால் உள்ள ஸ்டேஷனின்மேல் முழங்கையை ஊன்ற வேண்டியிருக்கும்.

வீட்டில் இருப்போரிடம் முன்கூட்டியே பேசிவிடுவதும் இந்தக் கட்டத்தில்தான். காலியான பலகை எந்த வீட்டிலும் ஒரே வாரத்தில் இஸ்திரி போட வேண்டிய துணிகளின் இருப்பிடமாகிவிடும்.

3. நீளமான பெட்டியிலிருந்து வளைவைக் கணக்கிடுதல்

முதலில், ஓட்டப்போகும் பெட்டிகளில் எது மிக நீளம் என்று முடிவு செய்யுங்கள். ஐசிஎஃப் பெட்டி 13.3 செ.மீ.; இப்போதைய புதிய வகையான எல்எச்பி பெட்டி 23.54 மீட்டர் என்பதால் 14.7 செ.மீ. வளைவின் ஆரம், நீளமான பெட்டியைப் போல் குறைந்தது இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். இரண்டரை மடங்கு இருந்தால் நிம்மதி. மூன்று மடங்கு இருந்தால் பார்க்கவும் அழகு. ஐசிஎஃப் பெட்டிக்கு இவை முறையே 26.6, 33, 40 செ.மீ. ஆகும்.

இந்தக் கணக்கிற்கு ஒரு காரணம் உண்டு. வளைவு இறுகும்போது அடுத்தடுத்த பெட்டிகளின் முனைகள் எதிரெதிர்த் திசையில் விலகுகின்றன. இடையிலுள்ள கொக்கி இழுபட்டு, லேசான பெட்டியைத் தண்டவாளத்திலிருந்து தூக்கிவிடுகிறது. குறை கொக்கியில் இருப்பதாக நினைத்து அதை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு.

ஜப்பானின் காட்டோ நிறுவனத்தின் யூனிட்ராக் வளைவுகள் 216, 249, 282, 315, 348, 381 மி.மீ. ஆரங்களில் வருகின்றன. வட்டத்தின் குறுக்களவோடு தண்டவாளத்தின் அடிப்பகுதி அகலமான 25 மி.மீ.யைச் சேர்த்து, இரு ஓரங்களிலும் குறைந்தது 3 செ.மீ. விட்டால் பலகையின் அகலம் கிடைக்கும். இரண்டடி (61 செ.மீ.) பலகையில் 249 மட்டுமே பாதுகாப்பாக அமையும், 282 வைத்தால் வண்டி பலகையின் விளிம்பிலேயே ஓடும், விழுந்தால் தரையில்தான் விழும். இரண்டரை அடி (76 செ.மீ.) பலகையில் 315 அமைந்து, இருபுறமும் 5 செ.மீ. அளவுக்கு மிஞ்சும்.

என் பரிந்துரை 6 அடிக்கு 2½ அடி பலகை, 315 மி.மீ. வளைவு. இது ஐசிஎஃப் பெட்டிக்கு இரண்டே கால் மடங்குக்குச் சற்று மேல். எல்எச்பி பெட்டிக்கு இரண்டு மடங்கைத் தாண்டுவதால் ஓடும். ஆனால் பெட்டிகளுக்கிடையே வாய் பிளந்ததுபோல் தெரியும்.

4. எந்தப் பாதையைச் செய்வது

மதுரை ஜங்ஷனையே செய்ய வேண்டும் என்று தொடங்குவது இயல்பு. இன்ஜினோடு 24 எல்எச்பி பெட்டிகள் கொண்ட ஒரு வண்டி, என் அளவிலும் மூன்றரை மீட்டரைத் தாண்டும் என்பதை நினைத்தால் ஆசை அடங்கும். பாம்பனும் அப்படியே. 2025இல் திறந்த புதிய பாலத்தில் மேலெழும் பகுதி மட்டும் 72.5 மீட்டர், அதாவது நம் பலகையில் 45 செ.மீ. அதை அடுத்த பலகைக்கு வைத்துக்கொள்ளலாம்.

சிறு பலகைக்கு மதுரை–போடி பாதை பொருந்தும். ஒற்றை வழி, சின்ன ஸ்டேஷன்கள், வண்டிகள் கடந்து போக ஒரு லூப். உசிலம்பட்டிக்கும் ஆண்டிபட்டிக்கும் இடையே கணவாயில் பாறையை வெட்டிப் போன பகுதி இருக்கிறது. அந்தப் பாறையைப் பலகையின் பின்பக்கம் வைத்தால், வண்டி வட்டமடித்துத் திரும்பி வருவது மறைந்துவிடும். முன்பக்கம் லூப்போடு கூடிய ஒரு ஸ்டேஷன், பின்பக்கம் கணவாய். முதல் பாதைக்கு இதற்குமேல் எதுவும் வேண்டாம். டீசல் இன்ஜினாக எடுத்துக்கொண்டால் மேலே மின்கம்பி கட்டும் நுண்வேலையும் மிச்சம்.

லூப்பின் நீளத்தை இப்போதே கணக்கிட வேண்டும். 248 மி.மீ. நேர்த்துண்டுகள் நான்கு வைத்தால் முன்பக்கம் 99 செ.மீ. கிடைக்கும். இரு முனையிலும் பாதையை இரண்டாகப் பிரிக்கும் பாயின்ட் (எண் கூடினால் பிரியும் கோணம் குறையும்; இங்கே 6ஆம் எண்) ஒவ்வொன்றும் 18.6 செ.மீ. எடுத்துக்கொள்ளும், பாயின்டைத் தாண்டி, பக்கத்து வண்டியில் உரசாத தூரம் வரும்வரை இன்னும் கொஞ்சம் போகும். மிஞ்சுவது 56 செ.மீ. அளவு. ஓர் இன்ஜினும் மூன்று ஐசிஎஃப் பெட்டிகளும் 54 செ.மீ. ஆகவே உங்கள் வண்டிக்கு மூன்று பெட்டிகள்தான். இந்தக் கணக்கைப் போடாமல் எட்டுப் பெட்டிகளை வாங்கியவர்கள், ஒரே வண்டி தன் வாலைத் தானே துரத்துவதைத்தான் பார்த்துக்கொண்டிருக்க நேரும்.

ஒரு பாதையைத் தூக்கி மற்றொன்றின் மேலே கடக்க வைக்கும் ஆசையையும் இங்கேயே விட்டுவிடுங்கள். அதற்கு 5 செ.மீ. உயரம் ஏற வேண்டும். மீட்டருக்கு 2 செ.மீ. என்னும் நிதானமான ஏற்றத்தில் இரண்டரை மீட்டர் ஏறி, மறுபடி அவ்வளவு தூரம் இறங்க வேண்டும்.

5. வாங்குவதும் வாங்கும் வரிசையும்

முதலில் பலகைக்கான சாமான். பிறகு தண்டவாளமும், வண்டியின் வேகத்தையும் திசையையும் மாற்றும் கன்ட்ரோலரும். பிறகு ஓர் இன்ஜின், மூன்று பெட்டிகள். இரண்டாவது இன்ஜினை, முதலாவது தடம் புரளாமல் ஓடும்வரை வாங்க வேண்டாம்.

தண்டவாளத்தில் அடிப்பகுதியோடு சேர்ந்து வரும் வகையையே தேர்ந்தெடுங்கள். காட்டோ யூனிட்ராக், டோமிக்ஸ் ஃபைன் டிராக் இரண்டும் அவ்வகை. வளைத்துப் பதிக்கும் தனித் தண்டவாளம் மலிவு. ஆனால் வெட்டுதல், அராவுதல், சால்டரிங் மூன்றும் கைவந்த பிறகே அது பயன்படும். இரண்டு நிறுவனங்களின் துண்டுகளும் ஒன்றோடொன்று நேரடியாக இணையாது என்பதால், ஒன்றையே பிடித்துக்கொள்ளவும். கொக்கிகளுக்கும் இது பொருந்தும்: வளையம்போன்ற பழைய ராப்பிடோ கொக்கியும், விரல் மடக்கியதுபோன்ற நக்கிள் கொக்கியும் ஒன்றோடொன்று மாட்டா.

இந்திய வண்டிகள் என் அளவில் தயாராகக் கிடைப்பது அரிது. நம் பழைய டீசல் இன்ஜினான டபிள்யூடிஎம்-2 அமெரிக்க ஆல்கோ நிறுவனத்தின் வடிவமைப்பு. ஆகவே ஆல்கோ இன்ஜின்களின் என் அளவு மாதிரிகளில் அந்தக் குடும்பச் சாயல் தெரியும். நன்றாக ஓடும் ஓர் அமெரிக்க அல்லது ஜப்பானிய இன்ஜினை வாங்கி, பாதை சரியான பிறகு அதன் மேற்கூட்டை மாற்றுவதோ நிறம் பூசுவதோ முறை. முதலிலேயே 3டி அச்சில் கூடு செய்து வைத்துக்கொண்டு, அதற்கேற்ற ஓடும் அடிப்பகுதியைத் தேடி அலைவது வீண் அலைச்சல்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் சுங்க வரியைச் சேர்த்தே விலையைக் கணக்கிட வேண்டும். மாதிரி ரயில்கள் பொம்மைகளுக்கான தலைப்பில் வருவதால் வரி கனமாகவே இருக்கும். அனுப்பும் கட்டணமும் சேர்ந்த தொகையின்மேல்தான் அது விதிக்கப்படும். ஆர்டர் கொடுக்கும் நாளில் என்ன விகிதம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போதே அடாப்டரின்மேல் அச்சிட்டிருக்கும் உள்ளீட்டு வோல்டேஜைப் படியுங்கள். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், அமெரிக்காவில் 120, நமக்கு 230. '100–240' என்று இருந்தால் ப்ளக்கை மட்டும் மாற்றினால் போதும். '100' என்றோ '120' என்றோ மட்டும் இருந்தால், நம் சுவரில் செருகிய நொடியிலேயே அது எரிந்துவிடும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் அதைத் தொடக் கூடாது.

உள்ளூரில் வாங்க வேண்டியவை: ரசமட்டம், 25 வாட் சால்டரிங் அயன், மல்டிமீட்டர், சிவப்பு, கறுப்பு வயர், ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால். கடைசி நான்கும் டவுன் ஹால் ரோடு பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

6. பலகை

12 மி.மீ. நீர்தாங்கும் பிளைவுட் வாங்கி, கடையிலேயே மெஷினில் அறுத்துத் தரச் சொல்லுங்கள். கையால் அறுத்தால் விளிம்பு கோணும். அடியில் 2 அங்குல ரீப்பரால் சட்டம் கட்டி, 40 செ.மீ.க்கு ஒரு குறுக்குக்கட்டை கொடுங்கள். பிளைவுட் தன் எடையாலேயே தொங்கும் என்பதால்தான் இந்தச் சட்டம். வெறும் பலகையை இரண்டு ஸ்டூலின்மேல் வைப்பது ஒரு மாதத்துக்குத்தான் சரிவரும்.

மேல்பக்கம், அடிப்பக்கம், விளிம்பு மூன்றுக்கும் பெயின்ட் அடிக்கவும். மேல்பக்கம் மட்டும் அடித்தால் ஈரம் அடியிலிருந்து மட்டும் ஏறும். ஒருபக்கம் உப்பி, பலகை கிண்ணம்போல் வளையும். கால்களைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தால் கரையான் ஏறுவது கண்ணில் படும்.

குறுக்குக்கட்டைகளில் பலகை போடுமுன்பே 20 மி.மீ. துளைகள் இட்டுக்கொள்ளுங்கள். பிற்பாடு வயர் போக வழி வேண்டும். தலைகீழாகப் படுத்துக்கொண்டு துளை போடுவது கண்ணில் மரத்தூள் விழும் வேலை.

7. தண்டவாளம் பதித்தல்

அதிகப் பொறுமை கேட்கும் கட்டம் இது. முதலில் திட்டத்தை எக்ஸ்ட்ராக்கேட் போன்ற இலவச மென்பொருளில் வரைந்து பாருங்கள். அதற்குப்பின் உண்மையான துண்டுகளைப் பலகையில் ஒட்டாமல் அடுக்குங்கள். கணினித் திரையில் பொருந்துவது பலகையில் ஒரு விரற்கடை வெளியே போவதுண்டு.

வட்டத்தின் கடைசித் துண்டு பொருந்தாமல் சில மில்லிமீட்டர் இடைவெளி நிற்கும்போது, இருபுறமும் இழுத்து மாட்டிவிடத் தோன்றும். அப்படி இழுத்தால் ஒவ்வொரு இணைப்பிலும் தலைமுடியளவு கோணல் விழும். தண்டவாளத்தைப் பிரித்து, நீளத்தைச் சரிக்கட்டும் சிறு துண்டைச் செருகுங்கள். காட்டோவில் 78 முதல் 108 மி.மீ. வரை நீண்டு சுருங்கும் துண்டு இதற்காகவே இருக்கிறது.

ஒவ்வோர் இணைப்பையும் பஞ்சுக்குச்சியால் சோதியுங்கள். காது குடையும் பஞ்சுக்குச்சியைத் தண்டவாளத்தின் மேல்முகத்திலும் உள்முகத்திலும் மெல்ல இழுத்துச் செல்லுங்கள். பஞ்சின் ஓர் இழை எங்கே சிக்குகிறதோ அங்கே ஒரு பிசிறு அல்லது படி இருக்கிறது. விரலுக்குத் தெரியாதது பஞ்சுக்குத் தெரியும். மூட்டைப் பிரித்து மறுபடி மாட்டினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். அப்படியும் சிக்கினால், நகம் அராவும் மென்மையான அட்டையால் உள்விளிம்பை இரண்டே இழுப்பு இழுங்கள்.

இடப்புற வளைவை அடுத்து உடனே வலப்புற வளைவு வரக் கூடாது. நடுவில் ஒரு பெட்டி நீளமாவது, அதாவது 13–14 செ.மீ. நேர்த்துண்டு வேண்டும். இல்லையென்றால் ஒரு பெட்டியின் முனை இடப்பக்கமும் அடுத்ததன் முனை வலப்பக்கமும் ஒரே நேரத்தில் தள்ளப்படும்.

பாயின்டுகளில் 4ஆம் எண்ணைவிட 6ஆம் எண்ணே மேல். 4ஆம் எண் இடம் குறைவாகப் பிடிக்கும். ஆனால் அதன் அசையும் நாக்கின் நுனியில் சில வண்டிகள் ஏறிக்கொள்ளும். எந்தப் பாயின்டானாலும் வளைவு முடிந்த இடத்திலேயே வைக்காமல், கொஞ்சம் நேர்ப்பாதை விட்டு வையுங்கள்.

ரசமட்டத்தைத் தண்டவாளத்தின் குறுக்கே வைத்துப் பாதை முழுவதும் ஒருமுறை பாருங்கள். எங்கும் ஒட்டிவிட வேண்டாம். இப்போதைக்கு இருபக்க டேப்பின் சிறு துண்டுகள் போதும். சோதனையில் ஏதேனும் மாற்றினால் எளிதாக எடுக்கலாம்.

8. மின்சாரம்

தண்டவாளத்துக்குப் போவது அதிகபட்சம் 12 வோல்ட் நேர்மின்சாரம். ஒரு தண்டவாளம் நேர், மற்றது எதிர். இரண்டையும் மாற்றினால் வண்டி பின்னோக்கிப் போகும். வெளித் தண்டவாளத்துக்குச் சிவப்பு, உள்ளுக்குக் கறுப்பு என்று வைத்துக்கொண்டு கடைசிவரை மாற்றாதீர்கள்.

ஒரே இடத்தில் மட்டும் மின்சாரம் கொடுத்தால், எதிர்முனையில் வண்டி மந்தமாகும். ஒவ்வோர் இணைப்பிலும் சிறிது வோல்டேஜ் குறைவதே காரணம். இந்தப் பலகைக்கு எதிரெதிரே இரண்டு இடத்திலும் லூப்பில் ஓரிடத்திலும் வயர் கொடுங்கள். வயரோடு வரும் இணைப்பான்கள் கிடைக்கும். சால்டர் செய்வதானால் தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தில், முதலில் வயர் நுனிக்கு ஈயம் பூசிக்கொண்டு, இரண்டு நொடிக்குள் முடிக்கவும். தாமதித்தால் குறுக்குக்கட்டை உருகி, இடைவெளியே மாறிவிடும்.

கன்ட்ரோலரை இணைக்குமுன், இன்ஜின் எதுவும் இல்லாத பாதையில், தொடர்பு இருந்தால் ஒலிக்கும் நிலையில் வைத்த மல்டிமீட்டரின் இரு முனைகளையும் இரு தண்டவாளத்திலும் வையுங்கள். அது ஒலித்தால் எங்கோ ஷார்ட். சிந்திய ஈயத் துளியாக இருக்கலாம். அல்லது திட்டத்திலேயே, வண்டி வளைந்து வந்து தான் வந்த பாதையிலேயே எதிர்முகமாகச் சேரும் ஓர் இணைப்பை வரைந்திருப்பீர்கள். அங்கே நேர்முனை எதிர்முனையைத் தொட்டே தீரும். தனி ஸ்விட்ச் இல்லாமல் அது ஓடாது. முதல் பாதையில் அதைத் தவிருங்கள்.

பாயின்ட் மாற்றும் மின்காந்தச் சுருளுக்கு ஒரு கணம் மட்டுமே மின்சாரம் போக வேண்டும். அதற்கென்று வரும் ஸ்விட்ச் தானாகவே விட்டுவிடும். வீட்டு லைட் ஸ்விட்சை வைத்துச் சமாளித்தவர்கள் சுருளைக் கருக்கியிருக்கிறார்கள்.

ஒரே பாதையில் பல இன்ஜின்களைத் தனித்தனியே ஓட்ட உதவும் டிசிசி என்னும் டிஜிட்டல் முறையைப் பற்றிப் புதியவர்கள் உடனே கேட்கிறார்கள். ஒரே வண்டி ஓடும் பலகைக்கு அது தேவையில்லை. தண்டவாளத்தில் உள்ள குறைகளை அது தீர்ப்பதும் இல்லை. இன்ஜின் வாங்கும்போது அந்த முறைக்கான டிகோடர் சில்லைச் செருகும் இடம் உள்ளதாகப் பார்த்து வாங்கிவிட்டால், பிற்பாடு மாறிக்கொள்ளலாம்.

9. ஓட்டிப் பார்த்தல்

புதிய இன்ஜினைப் பெட்டி எதுவும் மாட்டாமல் பாதி வேகத்தில் முன்னோக்கி அரைமணி, பின்னோக்கி அரைமணி ஓட்டுங்கள். பற்சக்கரங்களில் எண்ணெய் சீராகப் பரவவும், மோட்டாரின் கார்பன் பிரஷ் படியவும் இது உதவும்.

அடுத்து ஒரு பெட்டி, பிறகு மூன்று. முன்னோக்கி இழுத்து ஓடியதும் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். மிக மெதுவாகப் பெட்டிகளைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டு லூப்பின் இரு பாயின்டுகளையும் கடக்கச் செய்யுங்கள். இழுக்கும்போது மறைந்திருந்த குறைகளெல்லாம் தள்ளும்போது வெளிவரும்.

வண்டி தடம் புரண்ட ஒவ்வோர் இடத்திலும் பலகையில் பென்சிலால் ஒரு கோடும், எந்தப் பெட்டி என்பதும் குறித்து வாருங்கள். வெவ்வேறு பெட்டிகள் ஒரே இடத்தில் புரண்டால் குறை பாதையில். ஒரே பெட்டி வெவ்வேறு இடத்தில் புரண்டால் குறை அந்தப் பெட்டியில். இந்தக் குறிப்பு இல்லாமல் இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றுகிறவர்கள் எதனால் சரியானது என்றே அறியமாட்டார்கள்.

பெட்டியில் குறை என்றால் முதலில் சக்கரங்களின் இடைவெளியைப் பாருங்கள். அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ வெளியிடும் சிறு உலோக அளவுத்தகடு இதற்கு உதவும். பாயின்டின் அளவுகளையும் அதே தகட்டால் சோதிக்கலாம். அடுத்தது எடை. அந்தச் சங்கத்தின் கணக்குப்படி, அரை அவுன்சோடு நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 0.15 அவுன்சு சேர்க்க வேண்டும், நம் 13.3 செ.மீ. பெட்டிக்கு அது ஏறத்தாழ 36 கிராம். குறைந்தால் தரைத்தட்டின்மேல் வாஷர்களை ஒட்டுங்கள். கூரையை ஒட்டி வைத்தால் வளைவில் சாயும்.

ஒரு வாரம் தினமும் சிறிது நேரம் ஓட்டி, ஒருமுறையும் புரளாத பிறகே அடுத்த பகுதிக்குப் போகலாம். இங்கே அவசரப்படுகிறவர்களே அதிகம். ஜல்லி ஒட்டிய பாதையை யாரும் மனதாரப் பிரிப்பதில்லை.

10. பிளாட்பாரம், பாறை, ஜல்லி, மரம்

தண்டவாளத்தின் மேல்முகத்திலிருந்து பிளாட்பாரத்தின் உயரம் 5 மி.மீ. நம் பெட்டியின் அகலம் 3.245 மீட்டர், என் அளவில் 20 மி.மீ.க்குச் சற்று மேல். ஆகவே நேர்ப்பாதையில் தண்டவாள நடுவிலிருந்து 12 மி.மீ. தள்ளிப் பிளாட்பார விளிம்பு வரலாம்.

கணவாய்ப் பாறையை வைக்குமுன், நீளமான பெட்டியின் நடுவில் உட்பக்கமாகவும், இரு முனையில் வெளிப்பக்கமாகவும் பென்சில் முனைகளை டேப்பால் ஒட்டி, வளைவு முழுவதும் கையால் தள்ளிச் செல்லுங்கள். பலகையில் விழும் இரு கோடுகளுக்குள் எதுவும் வரக் கூடாது. இதைச் செய்யாமல் வைத்த பாறையில் பெட்டியின் ஜன்னலோரம் உரசிப் பெயின்ட் உரியும். பாறைக்குப் பின்னால் மறைந்த பகுதியை மேலிருந்தோ பின்னாலிருந்தோ கை விட்டு எட்டும்படி வைப்பதும் கட்டாயம். வண்டி நிற்பதற்கு அந்த இடத்தைத்தான் தேர்ந்தெடுக்கும்.

யூனிட்ராக்கில் ஜல்லி வார்ப்பிலேயே இருப்பதால், பக்கச் சரிவை மட்டும் நிரப்பினால் போதும். ரயில் பாதையில் போடும் ஜல்லியின் பெரிய கல் 65 மி.மீ.; அது 160இல் ஒரு பங்கு ஆகும்போது 0.4 மி.மீ. எம்-சாண்ட் இதற்கு மிகவும் பொருந்தும், நிறமும் கருங்கல் நிறமே. டீ வடிகட்டியில் சலித்து மேலே நிற்பதை எறிந்துவிட்டு, கீழே விழுந்ததை மெல்லிய துணியில் மறுபடி சலித்துத் தூசியைப் போக்குங்கள். பிறகு ஒரு காந்தத்தைப் பாலித்தீன் தாளில் சுற்றி மணலுக்குள் துழாவுங்கள். இரும்புத் துகள் ஒட்டினால், ஒட்டாமல் போகும்வரை எடுத்துவிட வேண்டும். அவை பிற்பாடு மோட்டாரின் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

மணலைத் தூவி, தூரிகையால் சரிசெய்து, ஆல்கஹால் கலந்த தண்ணீரை மெல்லிய தூவலாகத் தெளித்து நனைத்த பிறகே, மூன்று பங்கு தண்ணீரில் ஒரு பங்கு ஃபெவிகால் கரைத்துச் சிரிஞ்சால் சொட்டு சொட்டாக விடவும். நனைக்காமல் விட்டால் பசை உருண்டையாகி மணலைக் குழியாக்கும். பாயின்டின் நாக்கு அருகே ஒரு சொட்டும் போகக் கூடாது.

ஆண்டிபட்டிப் பக்கத்து மண்ணையே கொண்டுவந்து போடலாம். சலித்து, இரும்புச் சட்டியில் நன்றாக வறுத்த பிறகு. வறுக்காத மண்ணிலிருந்து பூச்சிகள் கிளம்பும். வேலிக்கருவேலுக்குக் காய்ந்த செடிகளின் வேர்க்கொத்து போதும். மூன்று மொழியிலும் எழுதிய மஞ்சள் பெயர்ப்பலகையை அச்சிட்டு இரு முனையிலும் நட்டால், எந்த ஊர் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

11. பராமரிப்பு

மின்விசிறி சுழலும் அறையில் தூசியே பெரிய எதிரி. ஓட்டாத நேரத்தில் பிளாஸ்டிக் ஷீட்டால் மூடுங்கள். பழைய வேட்டியால் மூடினால் அதன் நூலிழைகள் உதிர்ந்து அச்சில் சுற்றிக்கொள்ளும். பல்லி வேறு இருக்கிறது: அதன் எச்சம் ஒரு துளி பட்டாலும் அந்த இடத்தில் வண்டி நிற்கும்.

கறுத்த தண்டவாளத்தை, கன்ட்ரோலரை அணைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட இழை உதிராத துணியால் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். அது விடும் கீறல்களில் அழுக்கு இன்னும் வேகமாகச் சேரும். சக்கரங்களையும் அவ்வப்போது துடைக்காவிட்டால், துடைத்த பாதையை அவையே மறுபடி அழுக்காக்கும்.

எண்ணெய், பிளாஸ்டிக்குக்கு ஊறு செய்யாதது என்று குறிப்பிட்டு விற்பதாக இருக்க வேண்டும். ஊசிமுனையில் தொட்டு அச்சில் வைத்தால் போதும். வழிந்தால் சக்கரத்துக்கு வந்து மின்தொடர்பைத் தடுக்கும். தேங்காய் எண்ணெய் மார்கழிக் குளிரில் பற்சக்கரத்துக்குள்ளேயே உறையும்.

சித்திரை, வைகாசியில் ஊருக்குப் போவதானால், இன்ஜினையும் பெட்டிகளையும் பாதையில் நிறுத்திவிட்டுப் போகாமல், அவை வந்த நுரைப்பெட்டிகளில் போட்டு, மாடியிலோ பரணிலோ வைக்காமல் பீரோவின் கீழ்த்தட்டில் வையுங்கள். திரும்பி வந்ததும் முதலில் பாதையைத் துடைத்து, பஞ்சுக்குச்சியால் இணைப்புகளை ஒருமுறை பார்த்துவிட்டு, இன்ஜினைத் தனியாகப் பத்து நிமிடம் ஓட்டிய பிறகே பெட்டிகளை மாட்டுங்கள்.